சீல் வைக்கும் முன் ஒரு டீ

நோட்டரி பப்ளிக் ஆவதற்குப் பரீட்சை கிடையாது. பயிற்சி வகுப்பும் கிடையாது. சொன்னால் யாரும் நம்ப மாட்டேன் என்கிறார்கள். ஆட்டோ ஓட்டுகிறவரே ஆர்டிஓ மைதானத்தில் எட்டுப் போட்டுக் காட்ட வேண்டியிருக்கிறது. ஒருவருடைய வீடு, பெயர், பாகம், பிள்ளை என்று சகலத்தையும் பற்றிய காகிதத்தில் சீல் குத்துகிறவர் எதையும் போட்டுக் காட்ட வேண்டாம். வக்கீலாகப் பத்து வருஷம் குப்பை கொட்டியிருந்தால் போதும். பெண்களுக்கும், பட்டியல் வகுப்பினருக்கும், பிற்பட்ட வகுப்பினருக்கும் ஏழு வருஷம்.

"பொம்பளைக்கு மூணு வருஷம் தள்ளுபடி, உன் ஜாதிக்கு மூணு வருஷம் தள்ளுபடி. நியாயமாப் பாத்தா உனக்கு நாலே வருஷத்துல குடுத்திருக்கணும். கேஸ் போடுடி, நான் ஆஜராறேன்" என்பாள் அவள்.

அவள் என்றால் என் தோழி. நாங்கள் இருவரும் ஒரே நாளில் சென்னைக்குப் போய், இரவல் கவுன் மாட்டி, வக்கீலாகப் பதிவு செய்துகொண்டவர்கள். பதிவுச் சான்றிதழை எங்கள் தொழிலில் சன்னத் என்போம். திரும்பி வரும் பஸ்ஸில் இரண்டு பேரின் சன்னத்தையும் அவளே மடியில் வைத்துக்கொண்டாள். நான் ஜன்னலோரம் தூங்கிவிடுவேன், காற்றில் பறக்க விட்டுவிடுவேன் என்று பயம். அப்படியே தூங்கவும் தூங்கினேன். காஞ்சிபுரம் வந்ததும் இடித்து எழுப்பினாள்.

அவள் சின்ன காஞ்சிபுரம். வரதர் கோயிலில் பிரபந்தம் சேவிக்கிற குடும்பம். நான் பக்கத்துக் கிராமம், முசரவாக்கம். என் தாத்தா காலம் வரைக்கும் அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை. அப்பா கொத்தனார் ஆனார், அம்மா காந்தி ரோட்டில் ஒரு பட்டுக் கடையில் சேலை மடிக்கும் வேலைக்குப் போனார். என்னைச் சட்டம் படிக்க வைத்தார்கள். அவள் வீட்டில் படிப்பு தண்ணீர் மாதிரி, திறந்தால் வரும். எங்கள் வீட்டில் அதற்குப் போர் போட வேண்டியிருந்தது. இப்படி நான் சொன்னபோது அவள் கோபித்துக்கொண்டு ஒரு பகல் முழுக்கப் பேசவில்லை. சாயங்காலம் வந்து, "எங்காத்துலயும் பொண்ணுக்கு மோட்டார் போட்டுத்தான் எடுத்தா" என்றாள். அவ்வளவுதான், சமாதானம்.

கோர்ட்டுக்கு எதிர்ச் சந்தில் ஓர் அறை பிடித்தோம். முன்பக்கம் டைப்பிங், ஜெராக்ஸ் கடை போட்டிருக்கும் அக்கா, பின்பக்கம் நாங்கள். ஒரு மேஜை. எங்கள் பக்கம் இரண்டு நாற்காலி, கட்சிக்காரர் பக்கம் ஒரு பெஞ்சு. மதியம் அவள் தயிர்சாதத்தைத் திறப்பாள், நான் கருவாட்டுக் குழம்பைத் திறப்பேன். முதல் வாரம் மூக்கைப் பொத்தினாள். அப்புறம் பழகிவிட்டது. ஒரு நாள் நான் கத்தரிக்காய்ப் பொரியல் கொண்டுவந்தபோது, "என்னடி இன்னிக்கு வாசனையே இல்ல, உடம்பு சரியில்லையா" என்று கேட்டாள்.

ஆரம்பத்தில் கட்சிக்காரர்களை அழைத்துக்கொண்டு நாங்கள் நோட்டரிகளிடம் போவோம். அங்கே பார்த்த ஒன்றுதான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம். ஒரு பெண்ணை அவளுடைய அண்ணன் தம்பிகள் நடுவில் நிற்க வைத்துக் கூட்டி வந்திருந்தார்கள். அப்பா வீட்டில் தனக்குப் பாகம் வேண்டாம் என்று அவள் எழுதிக் கொடுக்கும் பிரமாணப் பத்திரம். எதிர் வரிசையில் இருந்த அந்த நோட்டரி, ஒரு பெரியவர், நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. காட்டிய இடத்தில் அந்தப் பெண் கையெழுத்துப் போட்டாள், இவர் சீலைக் குத்தினார், அடுத்த ஆள். "எனக்கு முன்பாகத் தோன்றி" என்று கொட்டை எழுத்தில் அச்சடித்திருந்தது. முன்னால் வந்து நின்றவளின் முகத்தை அவர் பார்த்திருந்தால்தானே.

எனக்கு ரத்தம் கொதித்தது. சந்தில் இறங்கியதுமே கத்த ஆரம்பித்துவிட்டேன். "இதுக்கு எதுக்கு ஏழு வருஷம், பத்து வருஷம்? ஒரு மிஷின் வாங்கி வெச்சா போதாதா? பேப்பரை விட்டா குத்திக்கினே இருக்கும்."

அவள் அமைதியாக நடந்துகொண்டிருந்தாள். அவளுக்குக் கோபம் வந்தால் நடை மெதுவாகிவிடும். "சர்க்கார் பரீட்சை வைக்கலேன்னா நாம வெச்சுப்போம்" என்றாள்.

மறுநாள் மதியம் சாப்பிட்டு டிபன் டப்பாவைக் கழுவி வைத்ததும் பரீட்சை தொடங்கியது. ஒருத்தி நோட்டரி, ஒருத்தி கட்சிக்காரர். நோட்டரி மூன்று கேள்வி கேட்க வேண்டும். படிச்சீங்களா? புரிஞ்சுதா? உங்க சொந்த விருப்பத்துல, யாரோட கட்டாயமும் இல்லாம கையெழுத்துப் போடறீங்களா? கட்சிக்காரராக இருப்பவள் எங்கேயாவது ஓர் இடத்தில் லேசாகத் தயங்குவாள். அதை நோட்டரி கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடிக்காமல் சீல் வைத்தால் ஃபெயில். சீல் எங்கே இருந்தது? ஊறுகாய் பாட்டில் மூடிதான் சீல்.

அவள் நடிக்கும்போது நான் ஃபெயில் ஆகிக்கொண்டே இருந்தேன். காது கேட்காத தாத்தா, வெளிநாட்டு மகனுக்கு வீட்டை எழுதிக் கொடுக்கும் விதவை, வாங்கிய கடனுக்கு வெற்றுத் தாளில் கையெழுத்துப் போட வந்த நெசவாளி என்று விதவிதமாக வருவாள். தயக்கத்தை அவள் குரலில் வைக்க மாட்டாள். "ஆமாங்க" என்று பளிச்சென்று சொல்வாள். ஆனால் சொல்லும்போது கட்டைவிரல் புடவைத் தலைப்பைத் திருகும். அல்லது பேனாவை வாங்கிய பிறகு ஒரு தரம் வாசலைப் பார்ப்பாள். நான் மூடியைக் குத்திவிடுவேன். "போச்சு, ஒரு குடும்பம் போச்சு" என்று தலையில் அடித்துக்கொள்வாள்.

தயக்கம் தெரிந்தால் என்ன செய்வது? சட்டப் புத்தகத்தில் அதற்கு விடை இல்லை. மிரட்டிக் கேட்க முடியாது, கூட வந்தவர்கள் பக்கத்திலேயே நிற்பார்கள். ஒரு வாரம் யோசித்து அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். "டீ குடிச்சிட்டு வாங்கோன்னு அனுப்பு. அவா மட்டும் போகணும். கூட வந்தவா இங்கயே உக்காந்திருக்கணும். அடையாள அட்டையைச் சரிபாக்கணும், இருங்கோன்னு அவாளைப் பிடிச்சு வை. ஒரு டீ குடிக்கற நேரம் மனுஷாளைத் தனியா விட்டா போறும். வரணும்னா வருவா. இல்லேன்னா அப்படியே பஸ் ஏறிடுவா."

நான் சிரித்தேன். பிறகு யோசித்துப் பார்த்தபோது சிரிப்பு வரவில்லை. அன்றிலிருந்து எங்கள் பரீட்சையில் அதுதான் சரியான விடை. தயங்கினால் டீ.

இன்னொரு ஒப்பந்தமும் இருந்தது. எங்கள் ஊரில் பட்டுக் கடையோ பழக்கடையோ, காலையில் முதல் வியாபாரம் யார் கையில் ஆகிறது என்று பார்ப்பார்கள். போணி நல்ல கையில் ஆக வேண்டும். போணி ஆகாத கடைக்காரர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்கும். நாங்கள் நோட்டரி ஆனதும் என் சீலுக்குப் போணி அவள் கையெழுத்து, அவள் சீலுக்குப் போணி என் கையெழுத்து. "என்ன பத்திரம்டி கொண்டு வருவ?" என்று கேட்டேன். "ஏதாவது. இந்தப் பொண்ணு கருவாடு சாப்பிடும்போது எனக்கு ஆட்சேபணை இல்லைன்னு பிரமாணம் பண்ணிக் குடுக்கறேன்" என்றாள்.

ஏழு வருஷம் முடிய இன்னும் இரண்டு வருஷம் இருக்கும்போது அவளுக்குக் கல்யாணம் ஆகிப் புனேவுக்குப் போனாள். மாப்பிள்ளைக்கு அங்கே வேலை. கல்யாணத்துக்கு முன்பே பேசி வைத்தாகிவிட்டது, ஒரு வருஷத்தில் சென்னைக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு வந்துவிடுவார், இவள் காஞ்சிபுரத்துக்கு ரயிலில் வந்து போவாள் என்று. போகிற அன்றைக்கு அறைக்கு வந்தாள். வக்கீல்கள் கழுத்தில் கட்டும் வெள்ளைப் பட்டியை எடுத்துத் தன் நாற்காலியின் முதுகில் தொங்கவிட்டாள்.

"என்னடி இது?"

"பஸ்ல துண்டு போட்டு இடம் பிடிக்கறது இல்லையா, அது மாதிரி. யாரும் உக்காரப்படாது."

யாரும் உட்காரவில்லை. கட்சிக்காரர்கள் கூட்டம் சேர்ந்து பெஞ்சில் இடமில்லாத நாட்களில்கூட, "அதுக்கு ஆள் வருதுங்க" என்று சொல்லிவிடுவேன். டைப்பிங் அக்கா உள்ளே எட்டிப் பார்த்து, "எந்த ஊர் பஸ்ஸுமா இது, கெளம்பவே மாட்டேங்குது" என்பார். ஒரு வருஷம் ஆனது. மாற்றல் வரவில்லை. அடுத்த வருஷம் அதைப் பற்றி அவள் பேசுவது குறைந்தது. நானும் கேட்பதைக் குறைத்தேன். கேட்டால் அவள் புனேவின் மழையைப் பற்றி நீளமாகப் பேசுவாள்.

மதியத்தில்தான் மிகவும் கஷ்டமாக இருக்கும். டிபனைத் திறந்தால் எதிரே முகம் சுளிக்க ஆள் இல்லை. எனக்கு அவள் வேண்டும், அவ்வளவுதான். அவளுடைய ஆலோசனைகூட வேண்டாம். அந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, நான் எழுதிய மனுவில் சிவப்பு மையால் கோடு போட்டு, "இது என்ன தமிழா, தெலுங்கா" என்று கேட்டால் போதும்.

என் ஏழு வருஷம் முடிந்ததும் விண்ணப்பித்தேன். பரீட்சை கிடையாது என்றேன் அல்லவா, அதற்குப் பதில் ஒன்று இருக்கிறது. விண்ணப்பத்தில் ஊர்க்காரர்கள் மேலொப்பம் இட வேண்டும். ஒரு மாஜிஸ்திரேட், ஒரு வங்கி மேலாளர், ஒரு வியாபாரி, உள்ளூரில் முக்கியஸ்தர் இரண்டு பேர். இந்தப் பெண்ணை எங்களுக்குத் தெரியும் என்று ஊரே சொல்ல வேண்டும் என்பது கருத்து. மாஜிஸ்திரேட், மேலாளர் கையெழுத்து சிக்கலில்லாமல் கிடைத்தது. வியாபாரிக்கு அம்மா வேலை பார்த்த பட்டுக் கடைக்குப் போனேன். முதலாளி மூக்குக் கண்ணாடிக்கு மேலே பார்த்தார்.

"நம்ம மடிப்பு அம்மா பொண்ணா? உங்கம்மா மடிச்சா சேலை அடுக்குல நூல் புடிச்சாப்ல நிக்கும். நீ என்னம்மா, அதே மாதிரி நேரா நிப்பியா?"

"நிப்பேங்க."

"எங்க போடணும் சொல்லு." போட்டுவிட்டார்.

முக்கியஸ்தரில் ஒருவர் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத் தலைமை ஆசிரியர். இன்னொருவராகத் தன் அப்பாவைக் கேட்பதாக அவள் எப்போதோ சொல்லியிருந்தாள். அவள் இல்லாமல் அந்த வீட்டுப் படி ஏறத் தயக்கமாக இருந்தது. ஒரு சனிக்கிழமை போனேன். அவளுடைய அப்பா கோயிலிலிருந்து அப்போதுதான் வந்திருந்தார். காகிதத்தை ஒரு வரி விடாமல் படித்தார். கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேனாவை மூடாமல் வைத்துக்கொண்டிருந்தார்.

"அவளுக்கும் இப்ப ஏழு வருஷம் ஆயிருக்கணுமே?"

"ஆயிருக்கும் சார்."

"உன்கிட்ட ஏதாவது சொல்றாளா? எங்ககிட்ட சௌக்கியம்னுதான் சொல்றா."

என்னிடமும் அதைத்தான் சொல்கிறாள் என்றேன். அவர் தலையாட்டினார். வெளியே வந்து வண்டியைக் கிளப்பும்போது, என்னைப் போலவே அந்த வீட்டிலும் ஒருவர் அவளுக்காகக் காத்துக்கொண்டிருக்கிறார் என்று தெரிந்தது. அது எனக்கு ஆறுதலாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது.

சென்னையில் நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள். நான் முந்தின நாளெல்லாம் எங்கள் மூன்று கேள்விகளையும் சொல்லிப் பார்த்துவிட்டுப் போனேன். அதிகாரி, சீல் என்ன வடிவம், எவ்வளவு அகலம் என்று கேட்டார். வட்டம், ஐந்து சென்டிமீட்டர் என்றேன். சான்றிதழ் எத்தனை வருஷம் செல்லும் என்றார். ஐந்து என்றேன், பிறகு புதுப்பிக்க வேண்டும் என்றேன். சரி, போகலாம் என்றார். எனக்கு நாற்காலியை விட்டு எழுந்திருக்க மனமில்லை. யாராவது தயங்கினால் என்ன செய்வாய் என்று கேளுங்கள் சார் என்று நானே சொல்லிவிடலாமா என்று இருந்தது. என் வாய்க்கு அது ஒன்றும் பெரிய விஷயம் இல்லை. ஏனோ அன்றைக்கு அடக்கிக்கொண்டேன்.

பல மாதம் கழித்து நியமன ஆணை வந்தது. முதல் போன் அவளுக்குத்தான் போட்டேன். அந்தப் பக்கம் ஒரு கூச்சல் போட்டாள் பாருங்கள், அது பழைய கூச்சல்.

"யாருக்கும் சீல் போட்டுடாதடி. போணி நான்தான். கருட சேவைக்கு வரேன். ஒரு பத்திரமும் கொண்டு வரேன்."

"என்ன பத்திரம்?"

"வந்து சொல்றேன்."

வரதர் கோயில் வைகாசி கருட சேவைக்கு இன்னும் நாள் இருந்தது. சீல் வந்துவிட்டது, புத்தம் புதிது, பளபளவென்று. ஒரு தறிக்காரர் மனைவியோடு வந்தார். ரேஷன் கார்டில் ஒரு பெயர், நெசவாளர் கூட்டுறவுச் சங்க அட்டையில் ஒரு பெயர், இரண்டும் ஒருவரே என்று பிரமாணப் பத்திரம் வேண்டும். "சீல் இன்னும் வரலைங்க" என்று வாய் கூசாமல் சொன்னேன். மேஜை மேலேயே இருந்தது சீல், மேலே கைக்குட்டையைப் போட்டு மூடியிருந்தேன். அடுத்து வந்தவர்களுக்கும் அதே பதில். டைப்பிங் அக்காவுக்குப் பொறுக்கவில்லை.

"ஏம்மா, சீலை வெச்சிக்கினு பூஜை பண்ணப் போறியா? வர்ற ஆளுங்களையெல்லாம் எதிர்ல இருக்கிற நோட்டரிகிட்ட துரத்திக்கினு இருக்கிற."

"போணிக்கு ஆள் வருதுக்கா."

"நல்லா வந்துது போ" என்று சொல்லிவிட்டு மிஷினைத் தட்டப் போனார்.

நான் என்ன நினைத்துக்கொண்டிருந்தேன் என்று சொல்லிவிடுகிறேன். அவள் கொண்டு வரும் பத்திரம் அவளுடைய சொந்த நோட்டரி விண்ணப்பம் சம்பந்தப்பட்டது என்று நினைத்தேன். மாற்றல் வந்திருக்கும், ஆச்சரியப்படுத்தலாம் என்று மறைக்கிறாள் என்று நினைத்தேன். நாற்காலியைத் துடைத்தேன். வெள்ளைப் பட்டியைத் துவைத்து, கஞ்சி போட்டுத் தேய்த்து, மறுபடி அதே இடத்தில் தொங்கவிட்டேன். மேஜையில் என் பொருள்களை எல்லாம் பாதிக்கு இந்தப் பக்கம் இழுத்துக்கொண்டேன். பகலில் மனக்கோட்டை கட்டுவதற்குக் கொத்தனார் மகளுக்குச் சொல்லித் தரவா வேண்டும்.

கருட சேவை அன்று காலையில் ஊரே தெருவில் இருந்தது. பெருமாள் புறப்பாடு முடிந்து கூட்டம் கலைகிற நேரத்தில் வந்தாள். நெற்றியில் வேர்வை, தலையில் வாடிய மல்லி. உடம்பு இளைத்திருந்தது. கட்டிக்கொண்டோம். டைப்பிங் அக்கா, "வந்துட்டியாம்மா, இவ இனிமே கடையைத் தொறப்பா" என்றார். அவள் உள்ளே வந்து பட்டியைப் பார்த்தாள். தொட்டும் பார்த்தாள். நாற்காலியில் உட்காரவில்லை. சுற்றி வந்து கட்சிக்காரர் பெஞ்சில் உட்கார்ந்தாள். அப்போதே எனக்கு எங்கோ இடித்தது.

பையிலிருந்து பத்திரத்தை எடுத்து என் பக்கம் தள்ளினாள்.

படித்தேன். மாமனாருக்குத் தெரிந்த கம்பெனியில் அவளுக்குச் சட்டப் பிரிவில் சம்பள வேலை. முழுநேர சம்பளத்துக்குப் போகிறவர் வக்கீல் தொழில் செய்யக் கூடாது என்பது விதி. ஆகவே தொழிலைத் தானே விரும்பி நிறுத்தி வைப்பதாகவும், சன்னத்தை ஒப்படைப்பதாகவும் அவள் கொடுக்கும் பிரமாணப் பத்திரம். பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தாளே, அதே சன்னத்.

"நல்ல கம்பெனிடி" என்றாள். "வீட்டுக்குப் பக்கத்துலயே."

கைக்குட்டையை எடுத்துவிட்டு சீலை முன்னால் வைத்தேன். நோட்டரி நான், கட்சிக்காரர் அவள். அவள் போட்ட முறைப்படி கேட்டேன்.

"இதுல எழுதியிருக்கிறதைப் படிச்சீங்களா?"

சிரித்துவிட்டாள். "என்னடி, நீங்க வாங்கங்கற." என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினாள். "படிச்சேன்."

"புரிஞ்சுதா?"

"நான்தானே எழுதினேன். புரிஞ்சுது."

"உங்க சொந்த விருப்பத்துல, யாரோட கட்டாயமும் இல்லாம கையெழுத்துப் போடறீங்களா?"

அவள் வாயைத் திறந்தாள். ஒரு 'ஆமா' சொன்னால் போதும். நடிப்பில் நூறு தரம் பளிச்சென்று சொன்னவள். எப்படிச் சொன்னால் நான் ஏமாறுவேன் என்று எனக்கே சொல்லிக் கொடுத்தவள். பேனா பிடிக்காத கையின் கட்டைவிரல் புடவைத் தலைப்புக்குப் போனது. போனதை அவளும் பார்த்தாள், நானும் பார்த்தேன். கையை வெடுக்கென்று எடுத்து மேஜை மேல் வைத்தாள்.

"போடுடி. சாயங்காலம் ட்ரெயின்."

"அது பதில் இல்ல."

"போடப் போறியா, இல்லையா?"

"பதில் சொல்லு, போடறேன்."

சொல்லவில்லை. பொய் சொல்ல வராமல் இல்லை. அந்தக் கேள்விக்கு, அந்த மேஜையில், என்னிடம் சொல்ல அவளுக்கு வரவில்லை. போகாதே, இங்கேயே இரு என்று கத்தியிருக்கலாம். ஆனால் எங்கள் பரீட்சைக்கு ஒரு விடைதான் உண்டு.

"டீ குடிச்சிட்டு வாங்க" என்றேன்.

அவள் பத்திரத்தை மடித்துப் பையில் வைத்தாள். எழுந்து போகும்போது நாற்காலி முதுகில் இருந்த பட்டியை நேராக்கிவிட்டுப் போனாள்.

டீக்கடை எங்கள் சந்து முனையில். நான் உட்கார்ந்திருந்தேன். பெஞ்சில் அவள் வைத்துவிட்டுப் போன கோயில் இட்லிப் பொட்டலம் இருந்தது, மிளகும் சுக்கும் மணத்துக்கொண்டு. அது ஆறும் வரைக்கும் அவள் வரவில்லை. டைப்பிங் அக்கா தயங்கித் தயங்கி வந்து நின்றார்.

"அது எதிர்ல இருக்கிற வக்கீல்கிட்ட சீல் அடிச்சிக்கினு ஆட்டோல போயிடுச்சும்மா. அங்க ரெண்டு நிமிஷம்கூட ஆவல. கண்ணெல்லாம் செவந்து கெடந்துச்சு."

எதிர்ப் பக்கம் என்றால், அன்றைக்கு அந்தப் பெண்ணை நிமிர்ந்து பார்க்காமல் சீல் குத்தினாரே, அதே பெரியவர்.

அழுதேன். மறைக்க என்ன இருக்கிறது. பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து பார்த்தால், அந்தத் தறிக்காரரும் மனைவியும் மறுபடி வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். "சீல் வந்திருக்கும்னு சொன்னாங்கம்மா" என்றார் அவர். வந்துவிட்டது என்றேன். படிச்சீங்களா, புரிஞ்சுதா, உங்க சொந்த விருப்பத்துலயா என்று கேட்டேன். "அட, பேர் ஒண்ணுதான்னு சொல்றதுக்கு யார்மா கட்டாயப்படுத்துவாங்க" என்று அந்த அம்மா சிரித்தார். சீல் வைத்தேன். போணி ஆனது.

அதற்குப் பிறகு அந்த டீ என் அலுவலகத்தில் வழக்கமாகிவிட்டது. சந்து முனைக் கடைக்காரருக்கு விஷயம் தெரியும். நான் அனுப்பும் ஆளிடம் காசு வாங்க மாட்டார், என் கணக்கில் எழுதிக்கொள்வார். டீயையும் மெதுவாகத்தான் போடுவார். பெரும்பாலானவர்கள் குடித்துவிட்டுத் திரும்பி வருவார்கள், தெளிவாக "ஆமாங்க" என்பார்கள். சிலர் வருவதில்லை. ஒரு தடவை ஓர் அக்கா, பாகம் வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கத் தம்பிகளோடு வந்தவர், பாதி டீயை வைத்துவிட்டுப் பெரியார் நகர் பஸ்ஸில் ஏறிப் போய்விட்டார். தம்பிகள் என்னிடம் சண்டைக்கு வந்தார்கள். நான் சண்டைக்கு என்றைக்குச் சளைத்தேன்? ஆனால் கத்திக்கொண்டிருக்கும்போதே கண் அந்த நாற்காலிக்குப் போனது. இதைப் பார்க்க அவள் இருந்திருக்க வேண்டும். பாஸ் போடுடி என்று கேட்க வேண்டும் போல இருந்தது.

அவளிடமிருந்து போன் இல்லை. பொங்கலுக்கு, தீபாவளிக்கு ஒரு வாழ்த்துப் படம் வரும். நானும் ஒரு படம் அனுப்புவேன். அவளுடைய அப்பாவைக் கோயில் வாசலில் பார்த்தால், சௌக்கியமா என்று அவர் கேட்பார், சௌக்கியம் என்பேன். இரண்டு பேரும் கேட்க வந்ததைக் கேட்காமல் பிரிவோம்.

போன மாதம் ஒரு காலை. அறையைத் திறந்து, பெருக்கி, விளக்கேற்றி உட்கார்ந்திருந்தேன். அன்றைக்கு இன்னும் போணி ஆகவில்லை. பெஞ்சில் ஒருவர் வாடகை ஒப்பந்தத்தோடு காத்திருந்தார். போன் அடித்தது. அவள் பெயர்.

எடுத்தேன். "சொல்லுடி" என்று மட்டும்தான் வந்தது.

அந்தப் பக்கம் வண்டிச் சத்தம், யாரோ மராத்தியில் கூவி விற்கும் சத்தம். அப்புறம் அவள் குரல்.

"டீ குடிச்சு முடிச்சுட்டேன்டி."

எனக்கு உடனே புரிந்துவிட்டது. நாற்காலியைத் திரும்பிப் பார்த்தேன். பட்டி பழுப்பேறிப் போயிருந்தது, இருந்தாலும் அங்கேதான் தொங்கியது.

"இப்ப கேளு" என்றாள்.

வாடகை ஒப்பந்தக்காரர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்தால் பார்க்கட்டும். நேராக நிமிர்ந்து உட்கார்ந்து கேட்டேன்.

"உங்க சொந்த விருப்பத்துல, யாரோட கட்டாயமும் இல்லாமத்தான் கையெழுத்துப் போட்டீங்களா?"

"இல்லடி" என்றாள். தயங்கவே இல்லை. "இல்ல."

எத்தனை காலமாக அந்தச் சொல்லுக்காக உட்கார்ந்திருந்தேன். கேட்டதும் சந்தோஷம் வரும் என்று நினைத்திருந்தேன். அவளைப் பார்க்க வேண்டும் என்கிற ஆசைதான் நெஞ்சு முழுக்க வந்து அடைத்தது. சன்னத்தைத் திரும்பக் கேட்டு வாங்கலாம், அதற்கு வழி இருக்கிறது, மனு எழுத நான் இருக்கிறேன், அதெல்லாம் அப்புறம். கண்ணைத் துடைத்துக்கொண்டு, குரலைச் சரி செய்துகொண்டு சொன்னேன்.

"போன்ல சொன்னா செல்லாதுடி. ஆள் முன்னாடி வந்து நிக்கணும். நேர்ல வந்து சொல்லு."